எண்ணிச் சொன்ன இலைகள்

இருங்கோ பிள்ளை, இருங்கோ. சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை. மூன்ஸ்டரிலை இருந்தோ வாறியள்? ஒரு வாழைக்குட்டிக்காக அவ்வளவு தூரம் கார் ஓடிக்கொண்டோ? ஆர் சொன்னது என்னட்டை இருக்கெண்டு? கோயிலிலையோ. ம். கோயிலிலை அப்பிடித்தான் சொல்லுவினம். "நீர்வேலிக் கேதீஸ் அண்ணையிட்டைப் போங்கோ, ஜெர்மன் குளிருக்கை வாழை வளர்க்கிற மனுசன்." இப்பவும் அப்பிடித்தான் சொல்லுகினமோ?

முதலே சொல்லிப்போடுறன். என்னட்டை வாழை இல்லை. ஒரு குட்டிகூட இல்லை. பயப்பிடாதேங்கோ, வெறுங்கையோடை அனுப்ப மாட்டன். இருக்கிற இடத்தைச் சொல்லுவன். ஆனா கதையைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொன்னால் அது இன்னொரு பொய்யாப் போயிடும். ஏற்கனவே சொன்ன பொய்யள் போதும். மனிசி வேலைக்குப் போட்டா. அவ நிண்டால் சொல்ல விடமாட்டா. "எத்தினை பேருக்கெண்டு சொல்லுவியள்?" எண்டுவா. தேத்தண்ணிக்குச் சீனி எத்தினை?

நான் யாழ்ப்பாணத்து நீர்வேலி, பிள்ளை. எங்கடை வீட்டுப் படலையைத் திறந்தால் வாழைத்தோட்டம். கப்பல், இதரை, மொந்தன். எட்டு வயசிலை மண்வெட்டி பிடிச்சு வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணி மாறினவன் நான். வாழையைப் பற்றி எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை எண்ட நினைப்போடைதான் இந்த நாட்டுக்கு வந்தனான். முப்பத்தெட்டு வருசம். கோப்பை கழுவினன், பிறகு இரும்புத் தொழிற்சாலை. அந்த நினைப்பு மட்டும் போகேல்லை.

இந்த வூப்பர்டாலிலை ஊருக்கு வெளியிலை சின்னச் சின்னத் துண்டா நிலம் பிரிச்சுத் தோட்டம் வைக்கக் குடுக்கிறது தெரியும்தானே. ஒரு கொட்டில், ஒரு படலை, ஒரு சங்கம், ஆயிரம் சட்டம். வேலி இவ்வளவு உயரம்தான், மத்தியானம் புல்லு வெட்டக்கூடாது. முழங்கால் தேய்ஞ்சு வேலையை விட்டாப் பிறகு நானும் ஒரு துண்டு எடுத்தன். மூண்டு தரம் வாழை வைச்சன். முதல் தரம் தெரிஞ்ச ஒருத்தர் ஊரிலை இருந்து துணிக்குள்ளை சுத்திக் கொண்டந்த கப்பல் குட்டி. அது முதல் குளிருக்கே போச்சு. அதுக்குப் பிறகுதான் யப்பான் வாழை எண்டு ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டு வாங்கினன். பழம் தின்னேலாது, உள்ளுக்கை முழுக்க விதை. ஆனா குளிர் தாங்கும். அதுக்குக் குளிருக்கையும் தண்ணி விட்டன். வாழைக்குத் தண்ணி விடாமல் இருக்கிறதோ? கிழங்கு அழுகிப்போச்சு. மூண்டாந் தரம் பிளாஸ்ரிக்காலை இறுக்கிச் சுத்தினன். மாசியிலை திறந்து பாத்தால் கஞ்சி மாதிரி ஊத்துது. நாத்தம்! மண் சரியில்லை எண்டு சொன்னன். எல்லாருக்கும் சொன்னன், இந்த ஜெர்மன் மண் சரியில்லை எண்டு.

அதே மண்ணிலை, எனக்குப் பக்கத்துத் துண்டிலை, பிலோமினாவின்ரை வாழை கொட்டிலுக்கு மேலாலை நிண்டது.

பிலோ பேசாலைப் பக்கம். மன்னார். கடற்கரை மணலிலை வளந்தவ. நான் குறைச்சுச் சொல்லேல்லை, நல்ல சனம், குடுத்துப் பழகின சனம். ஆனா அவையள் மீனைப் பற்றிச் சொன்னால் நான் கேப்பன். வாழையைப் பற்றி...? அவவின்ரை மனுசன் செபமாலை அண்ணை பஸ் ஓடுறவர், வாய் திறவாத மனுசன். கதை முழுக்கப் பிலோதான். தோட்டத்துக்குள்ளை அவ நிண்டால் படலையடியிலையே சிரிப்புக் கேக்கும். என்ரை மனிசி சுகிர்தமும் அவவும் ஒரே ஆஸ்பத்திரிச் சமையல்கட்டிலை பதினாலு வருசம் வேலை. அக்கா தங்கச்சி மாதிரி.

அவவுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் குடுத்தது மற்றப் பக்கத்துத் துண்டுக்காரன், யானுஷ் எண்டு ஒரு போலந்துக்காரன். ஐப்பசியிலை முதல் உறைபனி இலையைக் கருக்கின உடனை இலை எல்லாத்தையும் வெட்டிப்போடுறது. மரத்தைச் சுத்தி கோழிக்கூட்டுக் கம்பிவலை. அதுக்குள்ளை காய்ஞ்ச வைக்கலை அடையிறது. வெளியாலை வெள்ளைக் குளிர்த்துணி. மேலை மழை இறங்காமல் ஒரு மூடி. தண்ணி ஒரு சொட்டும் விடுறேல்லை. மேல் மரம் செத்தாலும் கிழங்கு பிழைச்சு அடுத்த வருசம் குட்டி போடும், அது பெரிய காரியமில்லை. ஆனா குலை வேணுமெண்டால் மேல் மரம் இரண்டு மூண்டு குளிரைச் சாகாமல் தாண்ட வேணும். பிலோவின்ரை இரண்டு மரம், ஒரே கிழங்கிலை அக்கா தங்கச்சி மாதிரி நிண்டதுகள், மூண்டு குளிர் தாண்டிட்டுது.

"கேதீஸ் அண்ணை, இந்த முறை எனக்கு வைக்கல் அடைய வாறியளோ? நீர்வேலி ஆள் தொட்டால் குலை பெருக்குமாம்" எண்டு பகிடி விடுவா. நானும் சிரிப்பன். பொறாமை எண்டு நினைக்காதேங்கோ. எனக்கு அந்தக் குணம் இல்லை. ஆனா கோயிலிலை ஆரும் "பேசாலை ஆள் வாழை வளர்க்கிறா, நீர்வேலி ஆளுக்கு ஏலாமல் போச்சு" எண்டு சொன்னால், அது பகிடியாத்தான் சொல்லுகினம், எண்டாலும் அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருசம் ஆவணியிலை பிலோவின்ரை மகள் ஷெரினுக்குக் கலியாணம். மண்டபம் எடுத்தாச்சு. இஞ்சை கலியாண வாசலுக்கு என்ன கட்டுகினம் எண்டு தெரியும்தானே, பிளாஸ்ரிக் வாழை, வாடகைக்கு. பிலோவுக்கு ஒரே பிடிவாதம். "என்ரை பிள்ளையின்ரை வாசலிலை குலையோடை உண்மையான வாழை நிக்கும், நான் வளர்த்த வாழை." யானுஷும் சொல்லிப்போட்டான், இந்த வருசம் ஆனி ஆடியிலை பூப்பொத்தி தள்ளும், ஆவணிக்குக் குலை நிக்கும் எண்டு. பிலோ அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சா.

மாசி மாசம் அவவுக்கு மார்பிலை கட்டி எண்டு கண்டுபிடிச்சாங்கள்.

பங்குனியிலை ஒப்பரேசன். பிறகு கதிர் வைக்கிறது, கிழமைக்கு அஞ்சு நாள், ஆறு ஏழு கிழமை. செபமாலை அண்ணைக்கு வேலை மாறி மாறி வரும், பாக்க ஆளில்லை எண்டு ஸ்ருட்கார்ட்டிலை இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய் அங்கத்தைய ஆஸ்பத்திரியிலை செய்யிறதெண்டு முடிவு. போறதுக்கு முதல் நாள் தோட்டத்துக்கு வந்தா. வடிவா உடுத்திக்கொண்டு வந்தா, மெலிஞ்சுபோனது தெரியாமல் இருக்கவோ என்னவோ. கொட்டில் பூட்டின்ரை திறப்பை என்ரை கையிலை வைச்சா.

"அண்ணை, மே பதினைஞ்சு தாண்டாமல் முழுக்கத் திறக்காதேங்கோ. வெய்யில் எறிச்சால் மேல் மூடியை மட்டும் எடுத்து காத்துப் பிடிக்க விடுங்கோ. பின்னேரம் திரும்ப மூடிப்போடுங்கோ. அவ்வளவுதான்."

"எனக்கோ சொல்லித் தாறியள்?" எண்டன்.

"உங்களுக்குச் சொல்லித் தரேலுமோ அண்ணை" எண்டு சிரிச்சா. பிறகு அந்தத் துணிக்கு மேலாலை மரத்தை ஒருக்காத் தடவிப்போட்டு போனா. யானுஷிட்டைக் குடுத்திருக்கலாம் திறப்பை. என்னட்டைத்தான் தந்தவ.

சித்திரை மாசம் ஒரு கிழமை நல்ல வெய்யில். சேட்டோடை நிக்கலாம், அப்பிடி. நான் மேல் மூடியை எடுத்துப் பாத்தன். உள்ளுக்கை குருத்து, வெளிறின பச்சையிலை, சுருட்டின கடதாசி மாதிரி, ஒரு சாண். இரண்டு மரத்திலையும். உயிரோடை நிண்ட அடிமரத்திலை குருத்து வாறதை இந்த நாட்டிலை நான் முதல் முதல் கண்டது அண்டைக்குத்தான். பாவம், இதை வைக்கலுக்கை வைச்சு மூச்சு முட்ட வைக்கிறதோ எண்டு நினைச்சன். வாழைக்கு வெய்யில் வேணும். எனக்குத் தெரியாதோ?

முழுக்கத் திறந்துபோட்டன். துணி, வைக்கல், வலை எல்லாம்.

நாலாம் நாள் குருத்து விரிஞ்சு இலையாப் போச்சு. கோயில் ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் பாக்க வந்தவை. மரத்துக்குப் பக்கத்திலை என்னை நிக்க வைச்சுப் படம் எடுத்தவை. "நீர்வேலிக் கை எண்டால் சும்மாவோ" எண்டு எழுதிப் போட்டவை. நான் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை எண்டும் சொல்லேல்லை, பிலோவின்ரை எண்டும் சொல்லேல்லை. அந்தப் படத்திலை நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்.

அது ஸ்ருட்கார்ட்டுக்குப் போய்ச் சேந்திட்டுது. அண்டைக்குப் பின்னேரமே போன்.

"அண்ணை, படம் பாத்தன். குருத்து வடிவா இருக்கு. ஆனா திறந்திட்டியள் போலை."

"நல்ல வெய்யில் பிலோ. வாழைக்கு வெய்யில் வேணும்."

"சரி அண்ணை, பரவாயில்லை. இனிக் குளிர் வருமெண்டு றேடியோவிலை சொன்னால் மட்டும் துணியாலை மூடிப்போடுங்கோ. கொட்டிலுக்கை கிடக்கு. யானுஷும் உதவிக்கு வருவான். சித்திரையை நம்பேலாது அண்ணை."

கோவமில்லை அந்தக் குரலிலை. ஒரு துளியும் இல்லை. ஆனா எனக்கு, அறுபத்திமூண்டு வயசு மனுசனுக்கு, தண்ணி மாறினவனுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி. சுகிர்தமும் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவ. "பாருங்கோ, பிலோ சொன்னதைக் கேட்டிருக்கலாம்" எண்டா. அண்டைக்கு நான் சுகிர்தத்தோடை கதைக்கேல்லை.

ஒரு கிழமை போயிருக்கும். செவ்வாய்க்கிழமை. மத்தியானம் றேடியோவிலை சொன்னான், இரவைக்கு மைனஸ் நாலு, மற்ற நாள் மைனஸ் அஞ்சு, தோட்டக்காரர் கவனம் எண்டு. நான் கேட்டனான். கேக்கேல்லை எண்டு உங்களுக்குச் சொல்லலாம், ஆனா கேட்டனான். பின்னேரம் நாலு மணிக்குத் தோட்டத்துக்கும் போனன். கொட்டிலைத் திறந்து துணியை எடுத்தன். பெரிய துணி, பிலோ நாலாய் மடிச்சு வைச்சிருந்தா. அதைத் தோளிலை போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தன். இதைக் கேளுங்கோ பிள்ளை, துணி என்ரை தோளிலை கிடந்தது.

யானுஷ் வேலியாலை எட்டிப் பாத்தான். அவனுக்கும் எனக்கும் அரைகுறை ஜெர்மன்தான்.

"பிலோ போன் எடுத்தவ, உதவி செய்யச் சொல்லி" எண்டான். "பாத்தியோ, அவ சொன்னது சரி. மே வரைக்கும் பொறுத்திருக்க வேணும்." சொல்லிப்போட்டுச் சிரிச்சான். நல்ல மனுசன், பகிடிக்குத்தான் சிரிச்சவன்.

"நான் மூடுவன். நீ போ" எண்டன்.

"ரெண்டு பேர் பிடிச்சால் சுகம்."

"நான் தனிய மூடுவன். எனக்கு வாழை தெரியும்."

அவன் தோளைக் குலுக்கிப்போட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டான். அவன் போகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு துணியைத் திருப்பிக் கொட்டிலுக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு வீட்டை வந்திட்டன்.

ஏன் எண்டு கேப்பியள். மழை இருட்டாக் கிடந்தது, முழங்கால் நோ, மரம் மொத்தமானது, தாங்கும் எண்டு நினைச்சன்... இப்பிடி எத்தினையோ காரணம் எனக்கு நானே சொல்லிப் பாத்தாச்சு. ஒண்டும் நிக்கேல்லை. மூடினால் அவ சொன்னது சரியெண்டு ஆகிடும். அவ்வளவுதான். மரம் சாகவேணும் எண்டு நான் நினைக்கேல்லை. கோயிலறிய, சத்தியமா நினைக்கேல்லை. மூடாமலே அது தப்ப வேணும் எண்டுதான் நினைச்சன். தப்பினால் நான் சரி.

அடுத்த நாளும் மூடேல்லை. முதல் இரவிலையே இலை போயிருந்தது, இனி மூடி என்ன எண்டு விட்டுட்டன். அடிமரம் அப்பவும் இறுக்கமாத்தான் நிண்டது. யானுஷ் கனகாலத்துக்குப் பிறகு சொன்னான், ரெண்டாம் நாளாவது மூடியிருந்தால் மரம் நிண்டிருக்கும், பொத்தி உள்ளுக்கை தப்பியிருக்கும் எண்டு.

வியாழக்கிழமை காலமை போய்ப் பாத்தன். இலை ரெண்டும் அவிச்ச கீரை மாதிரி தொங்குது. அடிமரத்தை விரலாலை அமத்தினால் விரல் உள்ளுக்குப் போகுது. தண்ணி வடியுது. நான் அதிலை ஒரு வாளியைக் கவிட்டுப்போட்டு அதுக்கு மேலை இருந்தன்.

பொக்கற்றுக்கை போன் அடிக்குது. பிலோ.

"அண்ணை, அங்கையும் குளிராம். மூடினீங்களோ?"

"ஓம் பிலோ. வடிவா மூடினனான்."

"குருத்து எப்பிடி?"

நான் அந்தக் கறுத்த இலையைப் பாத்துக்கொண்டு சொன்னன், "நல்லா நிக்குது."

"அப்பாடா. அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைக்கச் சொல்லித் தங்கச்சியை அனுப்பினனான். இண்டைக்குக் கதிர் வைக்கேக்கை அதே யோசினைதான் எனக்கு. சரி அண்ணை, நீங்கள் இருக்கிறியள் தானே."

அதோடை நிண்டிருக்கலாம். நிக்கேல்லை. ரெண்டு நாளைக்கு ஒருக்கா போன் எடுப்பா. கதிர் வைச்சு வைச்சு தோல் வெந்துபோச்சுதாம், விழுங்கேலாதாம், களைப்பாம். அதெல்லாம் ரெண்டு சொல்லிலை சொல்லி முடிச்சுப்போட்டு, "இண்டைக்கு எத்தினை இலை அண்ணை?" எண்டுவா. நான் சொல்லுவன். மூண்டு. நாலு. ஒரு நாள் அஞ்சு எண்டு சொல்லிப்போட்டு, மற்ற முறை நாலு எண்டு வாயிலை வந்திட்டுது. "ஏன், ஒண்டு கிழிஞ்சுபோச்சோ?" எண்டு பதறினா. "ஓம் காத்துக்கு" எண்டன். செத்த மரத்திலை காத்துக்கு இலை கிழிச்சவன் நான். படம் அனுப்பச் சொன்னா. போன் கமரா உடைஞ்சுபோச்சு எண்டன்.

யானுஷ் மரத்தைப் பாத்திட்டு ஓடி வந்து கேட்டான், என்ன நடந்ததெண்டு. "மூடினனான், ஒரு சுத்துத் துணி போதேல்லை, குளிர் கூடிப்போச்சு. விடிய வந்து துணியை எடுத்திட்டன்" எண்டன். "பிலோவுக்குச் சொல்லாதை, வருத்தக்காரி, வந்தாப் பிறகு நான் சொல்லுறன்." அவன் என்ரை முதுகிலை தட்டிக்குடுத்தான். சுகிர்தத்துக்கும் அதையேதான் சொன்னன். "நல்ல மனசப்பா உங்களுக்கு" எண்டா. நாப்பது வருசத்திலை அவ எனக்கு அப்பிடிச் சொன்னது அதுதான் முதல்.

மே கடைசியிலை பிலோ வந்தா. ஸ்டேசனிலை இருந்து வீட்டை போகேல்லை, செபமாலை அண்ணையைக் கொண்டு நேரை தோட்டத்துக்கு. நான் அழுகின மரம் ரெண்டையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருந்தன். சுத்திச் சின்னச் சின்னக் குட்டியள் முளைச்சுக்கொண்டு வந்தது. அவ படலையைத் திறந்து ரெண்டடி வைச்சிட்டு நிண்டிட்டா.

நான் ஆயத்தப்படுத்தி வைச்சிருந்ததைச் சொன்னன். மூடினனான், மூடியும் பிழைக்கேல்லை, உங்கடை வருத்தத்துக்கை சொல்ல மனம் வரேல்லை.

அவ என்னைப் பாத்தா. கண் நிறைஞ்சு கிடந்தது. "பாவம் அண்ணை நீங்கள். தனிய வைச்சுக்கொண்டு எவ்வளவு சங்கடப்பட்டிருப்பியள்" எண்டா. என்ரை கையைப் பிடிச்சு எனக்கு ஆறுதல் சொன்னா.

ஆவணியிலை கலியாணம் நடந்தது. வாசலிலை பிளாஸ்ரிக் வாழை. "பிளாஸ்ரிக்குக் குளிர் பிடிக்காது, இதுவும் நல்லதுதான்" எண்டு எல்லாரையும் சிரிக்க வைச்சா. பிறகு மைக்கைப் பிடிச்சு நன்றி சொல்லேக்கை டொக்ரருக்குச் சொன்னா, தங்கச்சிக்குச் சொன்னா, அதுக்குப் பிறகு என்ரை பேர். "நான் மனம் உடைஞ்சுபோகக் கூடாதெண்டு எனக்காகப் பொய் சொன்ன கேதீஸ் அண்ணை." சனம் கை தட்டிச்சுது. எனக்குப் பக்கத்திலை இருந்த ஒருத்தர் என்ரை தொடையிலை தட்டினார். கோப்பையிலை சோறு. கோப்பையைத் தள்ளி வைச்சன். ஓம், அண்டைக்கே எழும்பிச் சொல்லியிருக்க வேணும். கலியாண வீட்டிலை எப்பிடிச் சொல்லுறது? பிறகு, அடுத்த நாள் சொல்லலாம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் அதுக்கடுத்த நாளாச்சு.

ஐப்பசியிலை வாழைக்குக் குளிர்கட்ட, வைக்கல் அடைஞ்சு துணி சுத்த, கூப்பிட்டா. நான், சுகிர்தம், யானுஷ், பிலோ. முளைச்ச குட்டியள் அதுக்குள்ளை என்ரை உயரம் வந்திட்டுது. பிலோ புதுசா ரெண்டு துணிக்கட்டு வாங்கி வைச்சிருந்தா.

"ஏன் இவ்வளவு?" எண்டு சுகிர்தம் கேட்டா.

"ஒரு சுத்து மூடியும் பிழைக்கேல்லை தானே அக்கா. அண்ணை மாதிரி ஆள் கட்டியே பிழைக்கேல்லை எண்டால் என்ரை முறையிலைதான் பிழை. இனிமேல் மூண்டு சுத்து. என்னட்டைக் குட்டி வாங்கின டோர்ட்முண்ட் ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன், நான் சொல்லிக் குடுத்த முறை சரியில்லை, மாத்துங்கோ எண்டு."

யானுஷுக்கு அவ முதலே சொல்லிப்போட்டா போலை, தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டான். அவன்ரை முறைதானே அது. பிலோ துணியின்ரை ஒரு தலைப்பை என்ரை கையிலை தந்தா, பிடியுங்கோ அண்ணை எண்டு.

பிடிக்கேலாமல் போச்சு, பிள்ளை.

"பிலோ, அண்டைக்கு நான் மூடேல்லை" எண்டன்.

அவவுக்கு விளங்கேல்லை. "எண்டைக்கு?"

"சித்திரையிலை. துணியை எடுத்தனான். திருப்பி வைச்சிட்டன். உங்கடை முறையிலை ஒரு பிழையுமில்லை."

சுகிர்தம் "என்னப்பா சொல்லுறியள்?" எண்டா. யானுஷுக்குத் தமிழ் தெரியாது, எண்டாலும் கையிலை இருந்த வைக்கலைக் கீழை போட்டான்.

"ஏன் அண்ணை?" பிலோ மெதுவாத்தான் கேட்டா.

"நீங்கள் சொன்னது எண்டபடியால்தான்."

நான் நினைச்சன் அழுவா எண்டு. இல்லாட்டிச் சிரிச்சு விட்டுடுவா எண்டு. அவ சிரிச்சு விடுற ஆள். எனக்கு அந்த நப்பாசை இருந்தது, மறைக்க என்ன.

"வாழை போனது காரியமில்லை" எண்டா. "அது மரம். வெட்டினாலும் முளைக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் எனக்கு இலை எண்ணிச் சொன்னீங்கள் அண்ணை. மெசினுக்குக் கீழை அசையாமல் படுத்திருக்க வேணும், மூச்சும் அளவா விட வேணும். பயத்திலை எனக்கு நெஞ்சு அடிக்கும். அப்ப நான் உங்கடை இலையைத்தான் எண்ணிக்கொண்டு கிடந்தனான். மூண்டு, நாலு, அஞ்சு எண்டு. அதுவும் இல்லையோ?"

நான் துணித் தலைப்பைக் கீழை வைச்சன்.

"திறப்பைத் தாங்கோ" எண்டா.

குடுத்தன். அவ்வளவுதான். ஏச்சில்லை, பேச்சில்லை. துணியின்ரை அந்தத் தலைப்பைச் சுகிர்தம் போய்ப் பிடிச்சா. நான் படலையைச் சாத்திக்கொண்டு வந்திட்டன்.

இப்ப ரெண்டு வருசத்துக்கு மேலை. நான் என்ரை துண்டைச் சங்கத்துக்குத் திருப்பிக் குடுத்திட்டன். அடுத்த வேலியிலை அந்த மரங்களைப் பாத்துக்கொண்டு என்னெண்டு புல்லுப் பிடுங்கிறது? பிலோ சுகமா இருக்கிறா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி, எல்லாம் நல்லமாம். சுகிர்தம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஷெரினுக்கு ஒரு பெடிச்சி பிறந்திருக்காம். செபமாலை அண்ணை தன்ரை பஸ்ஸிலை நான் ஏறினால் தலையை ஆட்டுவார். அந்த ஆள் எல்லாருக்கும் தலையை ஆட்டுறவர்தானே, எனக்கெண்டு ஆட்டுறாரோ தெரியாது. கோயிலிலை மட்டும் ஆருக்கும் தெரியாது. பிலோ ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவ சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ரை விலாசம் தந்திருக்க மாட்டினம். நான் போய்ச் சொன்னால் "அண்ணைக்குத் தன்னடக்கம்" எண்டு சிரிக்கினம்.

ஐப்பசி வந்தால் சுகிர்தம் குளிர்கட்டப் போவா. வைக்கல் கட்டு பாரம், அவவாலை தூக்கேலாது. நான் காரிலை ஏத்திக்கொண்டு போய்ப் படலையடியிலை இறக்கி வைப்பன். உள்ளுக்குப் போறேல்லை. ஆரும் வாங்கோ எண்டு சொல்லுறேல்லை, நானும் எதிர்பாக்கிறேல்லை. இல்லை, அது பொய். எதிர்பாக்கிறனான். கட்டு எல்லாம் இறக்கினாப் பிறகும் கொஞ்ச நேரம் காரைத் துடைக்கிற மாதிரி நிப்பன். போன ஆடியிலை பொத்தி தள்ளினது. சுகிர்தம் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினவ. என்ரை கை அளவு பொத்தி. நல்ல மரம். நான் வைச்சிருந்தாலும் அப்பிடி வந்திராது. இதைச் சொல்ல எனக்கு அறுபத்தாறு வயசாச்சு.

விலாசத்தை எழுதித் தாறன். மலைக்கு ஏறுற றோட்டிலை கடைசித் திருப்பம், பச்சைப் படலை. இண்டைக்குச் சனிக்கிழமை, நிப்பா. குட்டி கேட்டால் தருவா, ரெண்டு கேட்டால் ரெண்டும் தருவா. எப்பிடிச் சுத்துறதெண்டும் சொல்லித் தருவா. ஒண்டையும் மாத்தாதேங்கோ, அவ சொன்னபடி செய்யுங்கோ.

ஒரே ஒரு உபகாரம். நான் அனுப்பினது எண்டு சொல்லாதேங்கோ. சொன்னால் தரமாட்டா எண்டில்லை, தருவா. நல்ல குட்டியாப் பாத்துத்தான் தருவா. ஆனா என்னைப் பற்றி ஒண்டும் கேக்க மாட்டா. நீங்கள் நல்ல பிள்ளை, போகேக்கை எனக்கு ஒரு போன் எடுப்பியள். நான் கேப்பன், "பிலோ என்னை ஏதும் விசாரிச்சவவோ?" எண்டு. பிறகு என்ரை மனம் நோகக் கூடாதெண்டு நீங்கள் ஓம் எண்டு சொல்லுவியள்.

வேண்டாம் பிள்ளை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.